முட்டைக்குள் போட்ட மருந்து: கியூபெக் பொரிப்பகங்களில் செஃப்டியோஃபர்

கால்நடை மருத்துவத்தில் செபலோஸ்போரின் வகை ஆன்டிபயாட்டிக்குகளை எங்கே, எவ்வளவு பயன்படுத்தலாம் என்ற விவாதம் எழும்போதெல்லாம் நான் முன்வைக்கும் நிகழ்வு ஒன்றுதான். கனடாவின் கியூபெக் மாகாணத்தில், கறிக்கோழிக் குஞ்சு பொரிப்பகங்களில், 2004 முதல் 2008 வரை நடந்தது அது. செஃப்டியோஃபர் என்ற மருந்தை நிறுத்தினார்கள். அந்த மருந்துக்குக் கிருமிகள் காட்டிய எதிர்ப்புத்திறன் சரிந்தது. அதே மருந்தை ஓரளவு திரும்பக் கொண்டுவந்தார்கள். எதிர்ப்புத்திறன் மறுபடி ஏறியது. யாரும் திட்டமிட்டு நடத்த முடியாத ஒரு சோதனை, ஒரு மாகாணத்தின் அளவில் தானாகவே நடந்து முடிந்தது. இதைப் பற்றிப் பேசுபவர்களில் பலர் மருந்தை நிறுத்தியதால் வந்த நன்மையோடு கதையை முடித்துவிடுகிறார்கள். என் பார்வையில், இந்த நிகழ்வுக்கு எடை சேர்ப்பது அதற்குப் பின்னால் நடந்ததுதான்.

மருந்தும் அதன் உறவினரும்

செஃப்டியோஃபர் மூன்றாம் தலைமுறை செபலோஸ்போரின். விலங்குகளுக்கென்றே உருவாக்கப்பட்டது, மனிதர்களுக்கு இதைக் கொடுப்பதில்லை. அமெரிக்காவில் 1988இல் மாடுகளின் சுவாச நோய்க்காக அனுமதி பெற்றது. உடலுக்குள் சென்றதும் வேகமாக டெஸ்ஃபுராயில்செஃப்டியோஃபர் என்ற வடிவத்துக்கு மாறிவிடுகிறது. கிருமியோடு மோதுவது பெரும்பாலும் அந்த வடிவம்தான். கறவை மாட்டுக்கு உரிய அளவில் ஊசியாகப் போட்டால் பாலைக் கறந்து கொட்ட வேண்டியதில்லை என்ற சலுகையும் இதற்கு உண்டு. கால் நோயும் சுவாச நோயும் தினசரிப் பிரச்சினையாக இருக்கும் பண்ணையில் இந்தச் சலுகை எவ்வளவு பெரியது என்பது பண்ணையாளர்களுக்கும் மருத்துவர்களுக்கும் நன்றாகவே தெரியும்.

'விலங்குகளுக்கு மட்டுமான மருந்து' என்பதைக் கேட்டதும் மனிதர்களுக்கு இதனால் ஒன்றும் நேராது என்று தோன்றும். அங்கேதான் சறுக்கல் தொடங்குகிறது. செஃப்டியோஃபரும், மருத்துவமனைகளில் மனிதர்களுக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோனும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் மையத்தில் அதே பீட்டா-லாக்டம் என்ற வேதி வளையம். பக்கச் சங்கிலியிலும் ஒரு முக்கியமான பகுதி பொதுவானது. ஒன்றை உடைக்கக் கற்றுக்கொண்ட கிருமி மற்றதையும் உடைத்துவிடும்.

செஃப்ட்ரியாக்சோன் யாருக்குத் தேவைப்படுகிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். உணவு வழியே பரவும் சால்மோனெல்லா கிருமி குடலோடு நின்றுவிட்டால் பெரும்பாலானோருக்கு ஆன்டிபயாட்டிக் தேவையே இல்லை. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால் நிலைமை வேறு. பெரியவர்களுக்கு ஃபுளூரோகுவினோலோன் வகை மருந்துகளைக் கொடுக்கலாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அவற்றைத் தவிர்க்கவே மருத்துவர்கள் விரும்புகிறார்கள். அப்போது முதலில் கைக்கு வருவது செஃப்ட்ரியாக்சோன். உலக சுகாதார நிறுவனம் மூன்றாம், நான்காம் தலைமுறை செபலோஸ்போரின்களை மிக உயர்ந்த முக்கியத்துவம் கொண்ட பிரிவில் வைத்திருப்பதும், கனடா சுகாதாரத் துறை அவற்றை மனித மருத்துவத்துக்கு மிக முக்கியமான மருந்துகளின் முதல் வகையில் சேர்த்திருப்பதும் இதனால்தான்.

பதினெட்டாம் நாள்

கோழி முட்டை பொரிய 21 நாள் ஆகும். 18ஆம் நாளில் முட்டைகளை அடைகாக்கும் இயந்திரத்திலிருந்து எடுத்துப் பொரிக்கும் தட்டுகளுக்கு மாற்றுவார்கள். பெரிய பொரிப்பகங்களில் இந்த மாற்றத்தின்போதே தடுப்பூசியும் போடப்படுகிறது. தட்டு இயந்திரத்துக்கு அடியில் வந்து நிற்கும். வரிசையாக ஊசித் தலைகள் இறங்கி, ஒவ்வொரு முட்டையின் பருத்த முனையிலும் அமரும். முதலில் ஒரு சிறு துளையிடும் முனை ஓட்டைத் துளைக்கும். அதனூடே மெல்லிய ஊசி காற்றறையைக் கடந்து, கருவைச் சூழ்ந்த திரவத்துக்குள் சென்று கோழிகளைத் தாக்கும் மேரக்ஸ் என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசியைச் செலுத்திவிட்டு மேலே எழும். அடுத்த தட்டு வரும். மணிக்குப் பல்லாயிரம் முட்டைகள் இப்படிக் கடந்து போகும்.

அந்தத் தடுப்பூசித் திரவத்திலேயே செஃப்டியோஃபரையும் கலந்துவிட்டார்கள். கூடுதல் ஆள் வேண்டாம், கூடுதல் நேரம் வேண்டாம், குஞ்சைக் கையில் எடுக்கவே வேண்டாம். அளவும் மிகச் சொற்பம். அமெரிக்காவில் ஒரு நாள் குஞ்சின் கழுத்துத் தோலுக்கடியில் போட அனுமதிக்கப்பட்டிருந்த அளவே 0.08 முதல் 0.20 மில்லிகிராம்தான்.

எதற்காக இந்த மருந்து என்றால், தொப்புள் அழற்சியைத் தடுக்க. பொரிவதற்குச் சற்று முன்பு குஞ்சு எஞ்சியிருக்கும் மஞ்சள் கருப் பையை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். பிறகு தொப்புள் மூடிக்கொள்ளும். தொப்புள் சரியாக மூடாவிட்டாலோ, சுற்றுப்புறம் அசுத்தமாக இருந்தாலோ, ஈ.கோலை என்ற குடல் கிருமி உள்ளே புகுந்துவிடும். வயிறு ஊதி, தொப்புள் ஈரமாகி, துர்நாற்றத்தோடு அந்தக் குஞ்சுகள் முதல் வாரத்திலேயே மடியும். முட்டை ஓட்டில் ஊசி போட்ட துளையும் கிருமிக்கு ஒரு வாசல் என்பதை மறந்துவிடக் கூடாது. தடுப்பூசிக்காகத் திறந்த வழியை மருந்தால் காவல் காப்பது என்ற ஏற்பாடாகவே இது நிலைத்துப்போனது.

கனடாவில் செஃப்டியோஃபருக்கு ஒரு நாள் வான்கோழிக் குஞ்சுகளுக்குப் போட அனுமதி இருந்தது. கறிக்கோழி முட்டைக்குள் செலுத்துவது அனுமதிக் குறிப்பில் இல்லாத பயன்பாடு. கால்நடை மருத்துவரின் பொறுப்பில் செய்யும்போது அது சட்ட விரோதமும் அல்ல. ஆனால் இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். நோய்வாய்ப்பட்ட ஒரு குஞ்சுக்குச் சிகிச்சை என்பதே இங்கே இல்லை. நோய் வரலாம் என்ற எதிர்பார்ப்பில், நோய் வரப்போகாத பெரும்பான்மைக்கும் சேர்த்து, உயிர் வெளிவருவதற்கு முன்பே, மனித மருத்துவம் பொத்திப் பாதுகாக்கும் ஒரு மருந்துக் குடும்பத்தைச் செலுத்தினார்கள்.

எண்கள் சொன்னது

கனடா 2002இல் சிப்பார்ஸ் என்ற தேசியக் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இதன் சிறப்பு, மூன்று இடங்களை ஒரே பார்வையில் வைத்துப் பார்ப்பது: இறைச்சிக் கூடம், கடையில் விற்கும் இறைச்சி, நோயுற்ற மனிதர். கடைகளில் இறைச்சி வாங்கிச் சோதிக்கும் பணி 2003இல் ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் தொடங்கியது. இந்த ஏற்பாடு அப்போது இல்லாமல் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமில்லை. கோழியில் ஒரு மாற்றம், மருத்துவமனையில் ஒரு மாற்றம், இரண்டையும் இணைத்துப் பார்க்க யாருமில்லை என்று போயிருக்கும்.

முதல் முடிவுகளே கவலை தந்தன. கியூபெக்கில் 2004இல் கடைக் கோழி இறைச்சியில் கிடைத்த சால்மோனெல்லா ஹைடல்பெர்க் கிருமிகளில் 62 சதவீதம் செஃப்டியோஃபருக்கு அடங்கவில்லை. அதே ஆண்டில் நோயாளிகளிடமிருந்து கிடைத்த ஹைடல்பெர்க் கிருமிகளில் 36 சதவீதம் அப்படியே. கடைக் கோழியின் ஈ.கோலையில் 34 சதவீதம். ஹைடல்பெர்க் அக்காலத்தில் கனடாவில் மனிதர்களிடம் அதிகம் காணப்பட்ட மூன்று சால்மோனெல்லா வகைகளில் ஒன்று. ரத்தத்துக்குள் புகும் இயல்பும் அதற்குக் கூடுதல். ஆகவே இது ஏதோ ஆய்வகத்துக்குள் முடங்கும் செய்தி அல்ல.

2005 பிப்ரவரியில் கியூபெக் கறிக்கோழிப் பொரிப்பகங்கள் தாமாகவே முன்வந்து செஃப்டியோஃபரை நிறுத்தின. சட்டம் வற்புறுத்தவில்லை. தரவு கைக்கு வந்ததும் ஒரு தொழில் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். விளைவு வரப் பத்தாண்டு காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 2006இல் கோழி இறைச்சியின் ஹைடல்பெர்க்கில் எதிர்ப்புத்திறன் 7 சதவீதமாகவும், மனிதர்களின் ஹைடல்பெர்க்கில் 8 சதவீதமாகவும், கோழி ஈ.கோலையில் 6 சதவீதமாகவும் இறங்கியிருந்தது.

இந்தச் சரிவைத் தனியாக வைத்தால், ஐயப்படுபவர் எளிதாக மறுக்கலாம். கிருமி வகைகள் தாமாகவே வந்து போகும் இயல்புடையவை. ஒரு குறிப்பிட்ட ஹைடல்பெர்க் வம்சம் செழித்து, பிறகு தானே ஓய்ந்திருக்கலாம். நிறுத்தியதும் குறைந்ததும் தற்செயலாக ஒன்றாக நேர்ந்திருக்கலாம்.

2007இல் சில பொரிப்பகங்கள் செஃப்டியோஃபரை மறுபடி எடுத்தன. தொப்புள் அழற்சியைச் சமாளிப்பதில் இருந்த சிரமமே காரணம். முன்பு போல முழு அளவில் இல்லை, பகுதியளவில்தான். 2008இல் கோழி இறைச்சியின் ஹைடல்பெர்க்கில் எதிர்ப்புத்திறன் 20 சதவீதம், ஈ.கோலையில் 19 சதவீதம். மருந்து முழு அளவில் இருந்தபோது உச்சம், இல்லாதபோது அடிமட்டம், பாதி திரும்பியபோது நடுவில் ஓரிடம். தற்செயல் என்று சொல்பவர் இப்போது மூன்று தற்செயல்களை ஒரே வரிசையில் அடுக்க வேண்டும்.

இன்னொரு சான்றும் இருக்கிறது. எனக்கு அது மேலும் வலுவாகப் படுகிறது. சால்மோனெல்லாவும் ஈ.கோலையும் வெவ்வேறு இனங்கள். ஒரு சால்மோனெல்லா வம்சம் தானே ஓய்ந்தது என்றால், அதே ஆண்டுகளில் ஈ.கோலையும் அதே தாளத்தில் இறங்கி ஏறியதற்கு அந்த விளக்கம் உதவாது. இரண்டுக்கும் பொதுவாக மாறியது ஊசித் திரவத்தில் இருந்த மருந்து ஒன்றே. கனடா முழுவதும் பார்த்தபோதும், கடைக் கோழியில் எதிர்ப்புத்திறன் கொண்ட ஹைடல்பெர்க்கும் மனிதரில் அதே வகைத் தொற்றும் சேர்ந்தே நகர்ந்தன. 2010இல் வெளியான ஆய்வில் இந்தத் தொடர்பின் அளவு 0.9 (முழுத் தொடர்பு என்றால் 1).

இவ்வளவு சொன்னாலும், இது தொடர்பு பார்க்கும் ஆய்வு, கட்டுப்படுத்தப்பட்ட சோதனை அல்ல என்பதை மறைக்கக் கூடாது. பண்ணைகளில் கறிக்கோழிக்கு எந்த மருந்து எவ்வளவு போகிறது என்ற தகவலைச் சிப்பார்ஸ் முறையாகத் திரட்டத் தொடங்கியதே 2013இல்தான். மருந்தின் அளவைக் கிராமில் காட்டும் பதிவு இருந்திருந்தால் இந்த நிகழ்வு பாடநூலில் ஒரு வரைபடமாகவே நின்றிருக்கும். மருந்து எவ்வளவு போகிறது என்று எழுதி வைக்காத எந்தத் தொழிலும் தன் தவறையும் நிரூபிக்க முடியாது, தன் நல்ல முடிவையும் நிரூபிக்க முடியாது.

இவ்வளவு சிறு அளவு எப்படி?

ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான மருந்து, அதுவும் பொரிவதற்கு முன்பே. கோழி இறைச்சிக்குப் போகும்போது வாரங்கள் கடந்திருக்கும். உடலில் மருந்தின் எச்சம் என்று ஏதும் இருக்காது. பிறகு எப்படிக் கடை இறைச்சியில் இதன் தடம்? இந்தக் கேள்வியை மருத்துவ மாணவர்களே கேட்பார்கள், நியாயமான கேள்வி.

விடை கிருமிகளின் மரபுப் பொருளில் இருக்கிறது. இந்த எதிர்ப்புத்திறனுக்குப் பெரும்பாலும் காரணம் சிஎம்ஒய்-2 என்ற பீட்டா-லாக்டமேஸ் நொதி. அதைத் தரும் மரபணு குரோமோசோமில் ஒட்டிக்கொண்டு கிடப்பதில்லை. பிளாஸ்மிட் என்ற சிறு வட்ட டிஎன்ஏவில் இருக்கிறது. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு, ஈ.கோலையிலிருந்து சால்மோனெல்லாவுக்குக்கூட, அது கைமாறும். இந்த நொதி ஆம்பிசிலினையும் செஃப்டியோஃபரையும் செஃப்ட்ரியாக்சோனையும் செஃபாக்சிட்டினையும் உடைக்கும். இத்தகைய நொதிகளைத் தடுக்கவென்று சேர்க்கும் கிளாவுலானிக் அமிலத்தைச் சேர்த்துக் கொடுத்தாலும் அதற்குக் கட்டுப்படாது. அதே பிளாஸ்மிட்டில் டெட்ராசைக்ளின், சல்ஃபா போன்ற மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்களும் சேர்ந்து பயணிப்பது உண்டு.

இனி குஞ்சின் குடலை நினைத்துப் பாருங்கள். அது கிட்டத்தட்ட ஆளில்லாத நிலம். முதலில் குடியேறும் கிருமிக்கே பெரும் பங்கு. அந்த முதல் நாட்களில் செஃப்டியோஃபர் இருந்தால், மருந்துக்கு அடங்கும் ஈ.கோலை பின்தங்கும், அடங்காதது இடம் பிடிக்கும். பிறகு மருந்து கரைந்து போனாலும் குடியேறியவை அங்கேயே பெருகும். எச்சத்தை அளந்து பாதுகாப்பை முடிவு செய்யும் முறை, இந்த வகை ஆபத்தைக் கண்டுகொள்வதே இல்லை. இறைச்சியில் மருந்து இல்லை என்பதும், இறைச்சியில் மருந்தின் விளைவு இல்லை என்பதும் ஒன்றல்ல.

மற்ற நாடுகளின் நடவடிக்கை

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளில் செபலோஸ்போரின்களின் அனுமதிக் குறிப்பில் இல்லாத பயன்பாட்டைத் தடை செய்து ஆணை பிறப்பித்தது. நடைமுறைக்கு வருமுன்பே அவ்வாண்டு நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. மாடு, பன்றி, கோழி, வான்கோழிகளுக்கான திருத்திய ஆணை 2012 ஜனவரியில் வந்து ஏப்ரல் 5 முதல் அமலானது. குறிப்பில் இல்லாத அளவு, கால அளவு, செலுத்தும் வழி, நோய்த் தடுப்புக்கான பயன்பாடு ஆகியவை அதில் தடுக்கப்பட்டன. முட்டைக்குள் செலுத்தும் வழக்கமும் இதில் அடங்கியது. மடிக்குள் போடும் செஃபாபிரினுக்கு மட்டும் விலக்கு. அது முதல் தலைமுறை மருந்து என்பதால் இந்த விலக்கு எனக்கு நியாயமாகவே படுகிறது. தலைமுறைகளைப் பிரித்தறியாமல் செபலோஸ்போரின் என்ற பெயரையே விலக்குவது மருத்துவமும் ஆகாது, எச்சரிக்கையும் ஆகாது.

டென்மார்க்கின் பன்றி வளர்ப்பாளர்கள் 2010இல் தாமாகவே செபலோஸ்போரின்களைக் கைவிட்டார்கள். அடுத்த ஆண்டே பன்றிகளின் ஈ.கோலையில் எதிர்ப்புத்திறன் குறைந்தது. ஜப்பானில் 2012இல் பொரிப்பகங்கள் செஃப்டியோஃபரை நிறுத்தியபோதும் கறிக்கோழி ஈ.கோலையில் அதே போக்கு தெரிந்தது. கியூபெக்கில் கண்டது அந்த மண்ணுக்கு மட்டும் உரிய விந்தை அல்ல என்பதற்கு இவை போதும்.

கனடாவில் முடிவான நிறுத்தம் 2014 மே மாதத்தில் வந்தது. கோழி வளர்ப்புத் துறை, நாடு முழுவதும், முதல் வகை ஆன்டிபயாட்டிக்குகளை நோய்த் தடுப்புக்குப் பயன்படுத்துவதை ஒழித்தது. கியூபெக்கின் முதல் நிறுத்தத்திலிருந்து கணக்கிட்டால் ஒன்பது ஆண்டு கடந்திருந்தது.

சிகிச்சை அறையில் இதன் பொருள்

கியூபெக் நிகழ்வைக் கோழித் தொழிலின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. மூன்றாம் தலைமுறை செபலோஸ்போரின்களைக் கால்நடை மருத்துவர்களாகிய நாம் கையில் எடுப்பதற்குக் காரணம் பல நேரங்களில் கிருமியின் தேவை அல்ல, நம் வசதி. முட்டைக்கு, தடுப்பூசித் திரவத்தோடு கலந்துவிடலாம் என்பது வசதி. கறவை மாட்டுக்கு, பாலைக் கொட்ட வேண்டாம் என்பது வசதி. நாய், பூனைக்குப் போடும் செஃபோவெசினில் வசதி இன்னும் வெளிப்படை: ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் அதன் அரை ஆயுள் (ரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம்) நாயில் ஏறத்தாழ ஐந்தரை நாள், பூனையில் ஏறத்தாழ ஏழு நாள், ஒரே ஊசி, இரண்டு வாரப் பலன். மாத்திரையைத் துப்பும் பூனை, கடிக்க வரும் பூனை, அதைத் தினமும் பிடித்து மருந்து கொடுக்க இயலாத முதியவர் என்ற நிலையில் இது உண்மையிலேயே ஒரு வரம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எளிய சீழ்க்கட்டிக்கு, கீறித் திறந்து கழுவினாலே ஆறிவிடும் புண்ணுக்கு, நேரம் மிச்சம் என்பதற்காக இதைப் போடும்போது, சிகிச்சைக்குத் தேவையான அளவுக்குக் கீழே இறங்கிய மருந்து வாரக்கணக்கில் உடலில் மெல்லக் கரைந்துகொண்டிருக்கும். குடல் கிருமிகள் அந்த நாட்கள் முழுவதும் அதோடு வாழ்ந்து பழகும்.

ஆகவே நான் பின்பற்றச் சொல்லும் வரிசை இது. ஆன்டிபயாட்டிக் தேவையா என்பதே முதல் கேள்வி. தேவையென்றால், நாயின் தோல் சீழ்த் தொற்றுக்குச் செஃபலெக்சின் போன்ற முதல் தலைமுறை மருந்தோ, வேறு எளிய மருந்தோ போதுமா என்று பார்க்க வேண்டும். மூன்றாம் தலைமுறைக்குப் போவதென்றால் கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனைக்கு மாதிரி எடுத்துவிட்டுப் போக வேண்டும். உயிர் ஊசலாடும் நிலையில் முடிவு வரும்வரை காத்திருக்க முடியாது; அப்போதும் மாதிரியை எடுத்துவிட்டு மருந்தைத் தொடங்கலாம், முடிவு வந்ததும் குறைந்த வீச்சுள்ள மருந்துக்கு இறங்கலாம். ஐரோப்பிய மருந்துகள் முகமை மூன்றாம், நான்காம் தலைமுறைகளைக் கட்டுப்படுத்த வேண்டிய பி பிரிவில் வைத்திருப்பதும், கோழிகளுக்கு இவற்றைக் கொடுக்கக் கூடாது என்று அங்கே மருந்துக் குறிப்பிலேயே எழுதியிருப்பதும் இதே சிந்தனையில்தான்.

முடியாத கணக்கு

2014க்குப் பிறகு கனடாவில் கோழியிலிருந்து கிடைத்த ஈ.கோலையிலும் சால்மோனெல்லாவிலும் செஃப்ட்ரியாக்சோன் எதிர்ப்புத்திறன் குறைந்தது. அதே காலத்தில் ஈ.கோலையில் ஜென்டாமைசினுக்கு எதிர்ப்புத்திறன் ஏறியது. காரணம் தேட வேண்டியதில்லை. ஊசித் திரவத்திலிருந்து செஃப்டியோஃபரை எடுத்துவிட்ட பொரிப்பகங்களில் ஜென்டாமைசினும் லின்கோமைசின்-ஸ்பெக்டினோமைசின் கலவையும் அதன் இடத்தைப் பிடித்தன. மருந்து மாறியது, வழக்கம் மாறவில்லை. எந்தத் தொப்புள் அழற்சிக்காக முதலில் மருந்து வந்ததோ, அது அப்படியே இருந்தது.

அதனால்தான் கனடாக் கோழித் துறை அடுத்த அடியையும் வைக்க வேண்டியிருந்தது. முக்கியத்துவத்தில் அடுத்த படியான இரண்டாம் வகை மருந்துகளைத் தடுப்புக்குப் பயன்படுத்துவதை 2018 முடிவில் நிறுத்தியது. ஜென்டாமைசினும் லின்கோமைசின்-ஸ்பெக்டினோமைசினும் இந்த வகைதான். இப்போது மருந்தின் வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டும். தரையில் இட்ட அழுக்கு முட்டைகளையும் விரிசல் கண்ட முட்டைகளையும் அடைகாக்க அனுப்பாமல் பிரித்தெடுப்பது, தாய்க்கோழிப் பண்ணையின் கூட்டுப் பெட்டிகளில் படுக்கையை அடிக்கடி மாற்றுவது, முட்டை சேகரிக்கும் இடைவெளியைக் குறைப்பது, ஊசித் தலைகளை ஒவ்வொரு சுற்றிலும் கிருமி நீக்குவது, தடுப்பூசி கலக்கும் அறையைத் தூய்மையாக வைத்திருப்பது, தொப்புள் மூடும்படி வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சரியாகப் பிடிப்பது என்று அந்தப் பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டும், நேரம் வேண்டும், தினமும் செய்ய வேண்டும். இதுவரை ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான மருந்து இந்த உழைப்புக்கெல்லாம் மாற்றாக நின்றுகொண்டிருந்தது.